'நோ எரர்'னு டிக் பண்ணிட்டு வந்த அம்மிணிக்கு

போன ஞாயித்துக்கிழமை எங்கிட்ட படிக்கற பொண்ணு ஒருத்தி மாக் டெஸ்ட் பேப்பரக் கொண்டாந்து நீட்டுனா. தப்பு கண்டுபுடிக்கற கேள்வி எட்டு இருந்துச்சு, அதுல ஆறுக்கு 'நோ எரர்'னு டிக் பண்ணியிருந்தா, அந்த ஆறுலயும் தப்பு இருந்துச்சு. ஏன் அம்மிணி, ஒண்ணு கூடவா கண்ணுல படலன்னு கேட்டேன். "வாய்விட்டு படிச்சுப் பாத்தேங்க்கா, காதுக்கு எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு"ன்னா. எனக்கு கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா அவ வயசுல நானும் இதே பதிலத்தான் சொல்லியிருப்பேன். அன்னிக்கு அவகிட்ட ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசினத இங்க எழுதி வெக்கறேன், அடுத்த தடவ வேற யாராச்சும் இதே மாதிரி பேப்பரத் தூக்கிட்டு வந்தா இத அனுப்பிட்டு நான் பாட்டுக்கு துணி காயப் போடப் போயிருவேன்.

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா. ஆந்திரா சித்தூர் இல்லீங்க, அது வேற, ஆன்லைன்ல ஏதாச்சும் ஆர்டர் போட்டா எனக்கு எப்பவும் இந்த சந்தேகத்தோட ஒரு போன் வரும். வீட்டுல தமிழு, பஞ்சாயத்து ஆபீஸ்ல மலையாளம், பரிட்சைல இங்கிலீஷ், இதான் எங்க பசங்க பொழப்பு. மாடில தகர ஷெட்டுக்குள்ள பத்து பன்னெண்டு பேரு உக்காருவாங்க, பாதி தமிழ் மீடியம், பாதி மலையாளம் மீடியம், இவங்க அக்காம்பாங்க, அவங்க டீச்சரேம்பாங்க. கொஞ்ச பேரு கேரளா அரசாங்க வேலைக்கான பிஎஸ்சி பரிட்சைக்கு படிக்கறாங்க, கொஞ்ச பேரு மத்திய அரசாங்க வேலைக்கான எஸ்எஸ்சிக்கு. எஸ்எஸ்சில டிகிரி முடிச்சவங்க எழுதற சிஜிஎல் பரிட்சையோட முதல் கட்டத்துல 60 நிமிஷத்துல 100 கேள்வி, அதுல இங்கிலீஷ் மட்டும் 25, ஒரு தப்புக்கு அரை மார்க் புடிச்சுக்குவாங்க. அப்ப ஆறு தப்புன்னா மூணு மார்க் சும்மா போச்சு, கட் ஆஃப்ல மூணு மார்க்குங்கறது எத்தன பேரத் தாண்டி நிக்கும்னு எழுதினவங்களுக்குத் தெரியும்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன், கீழ இங்கிலீஷ் வாக்கியத்தையும் தமிழ் எழுத்துலயேதான் போடறேன். படிக்க கொஞ்சம் இடறும். வேணும்னேதான் அப்படி எழுதறேன், ஏன்னு போகப் போகத் தெரியும்.

அந்தப் பொண்ணு விட்ட மொதல் கேள்வி இது: "தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஃப்ரம் முதலமடா ஆர் ஹெவி". முதலமடை மாங்கா எங்க பக்கத்து சமாச்சாரம், அதனால நானே மாத்தி எழுதின வாக்கியம் தான், ஒரிஜினல்ல ஏதோ ஆப்பிள் இருந்துச்சு. இதுல எது கனமா இருக்கு? பெட்டி. பெட்டி ஒண்ணு. அப்ப 'ஆர்' வராது, 'இஸ்' தான். ஆனா காது ஏன் ஏமாந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. தமிழ்ல இத எப்படிச் சொல்லுவோம், "முதலமடையில இருந்து வந்த மாங்காப் பெட்டி கனமா இருக்கு". அடைமொழி எல்லாம் முன்னாடியே வந்துரும், கடைசில பெட்டி, அதுக்கு ஒட்டுனாப்புல வினை. நம்ம பாஷைல இந்த மாதிரி வாக்கியத்துல வினைக்கு பக்கத்துல யாரு நிக்கறாங்களோ அவங்கதான் முதலாளி, அதாவது எழுவாய். இங்கிலீஷ்ல தலகீழு, முதலாளி மொதல்லயே வந்து உக்காந்துட்டு, அவரோட பரிவாரம் பூரா அவருக்குப் பின்னாடி வரிசையா நிக்கும், வினை அந்த வரிசைக்கும் கடைசில. நாம பழக்க தோஷத்துல வினைக்குப் பக்கத்துல நிக்கற கடைசி ஆளோட கைய குலுக்கிட்டு வந்தர்றோம். வெள்ளைக்காரங்களே அவசரத்துல பேசறப்போ இதே தப்பப் பண்ணுவாங்க, அதனால ரொம்ப வெக்கப்படவும் வேண்டாம். வினையக் கண்டுபுடி, "எது?"ன்னு கேளு, நடுவுல 'ஆஃப்', 'ஃப்ரம்', 'இன்'னு வர்ற வால பென்சில்ல அடிச்சு விடு, மிச்சம் இருக்கறத மட்டும் படின்னேன்.

இதோட தங்கச்சி ஒண்ணு இருக்கு. "தி பிரைசஸ் ஹேஸ் கான் அப்". இங்க நடுவுல வாலே இல்ல, பிரைசஸ்ங்கறது பன்மைன்னு அவளுக்கும் தெரியும், ஆனாலும் காதுக்கு உறுத்தல. ஏன் உறுத்தலன்னா நாம பேசறப்போ "விலையெல்லாம் ஏறிப்போச்சு"ன்னு தான் சொல்றோம். எழுத்துத் தமிழ்ல "விலைகள் ஏறின"ன்னு வரணும், ஆனா பேச்சுல அஃறிணைக்கு பன்மை வினைய நாம எப்பவோ தூக்கிப் போட்டாச்சு, மாடு வந்துச்சு, மாடுங்க வந்துச்சு, ரெண்டுக்கும் ஒரே 'வந்துச்சு'. ஆளுன்னா மட்டும் விடமாட்டோம், அவன் வந்தான், அவங்க வந்தாங்க. அதனால என் தமிழ் பசங்க 'பாய்ஸ் இஸ்'னு எழுதறது கம்மி, 'புக்ஸ் இஸ்', 'பிரைசஸ் ஹேஸ்'னு எழுதறதுதான் ஜாஸ்தி. மலையாளம் மீடியம் பசங்களுக்கு வேற மாதிரி. அவங்க பாஷைல ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, எல்லாருக்கும் ஒரே வந்நுதான், ஆளுக்குத் தகுந்த வால் வினைக்கு கிடையாது. அவங்களுக்கு 'ஹி கோ'ன்னு எழுதினா தப்பாவே படாது. ஒரே பெஞ்ச்ல உக்காந்து ஒரே டெஸ்ட் எழுதற ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் வேற வேற எடத்துல வழுக்கி விழறாங்க, பேப்பர் திருத்தறப்போ பேரப் பாக்காமலேயே இது யாரு வீட்டுப் புள்ளன்னு சொல்லிரலாம்.

இது வரைக்கும் சொன்னத வெச்சு, அப்ப இங்கிலீஷ் எழுதறப்போ தமிழ மறந்தரணும் போலன்னு அந்தப் பொண்ணு முடிவு கட்டிட்டா. அவளோட ஸ்கூல்லயும் அப்படித்தான் சொன்னாங்களாம், இங்கிலீஷ்லயே நினைக்கணும்னு. எனக்கு இந்த அட்வைஸ் சுத்தமாப் புடிக்காது. தெரியாத பாஷைல எப்படி நினைக்கறது? அதோட பாதி ரூல் நம்ம வாய்லயே இருக்கு, கேக்கத்தான் ஆளில்ல.

உதாரணத்துக்கு "மை பிரதர் அலாங் வித் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் ஹேவ் கம்". இதுக்கும் நோ எரர் போட்டிருந்தா. தமிழ்ல சொல்லு அம்மிணின்னேன். "அண்ணன் ஃப்ரெண்ட்ஸோட வந்திருக்கான்"னா. வந்திருக்காங்களா, வந்திருக்கானா? "வந்திருக்கான்". சரி, இப்ப 'அண்ட்' போட்டு சொல்லு. "அண்ணனும் ஃப்ரெண்ட்ஸும் வந்திருக்காங்க". சொல்லி முடிச்சுட்டு அவளே என்னயப் பாத்தா. அவ்வளவுதான் விஷயம், 'உம்' போட்டா எல்லாரும் சேந்து பன்மை, 'ஓட' போட்டா மொத ஆளு மட்டும்தான் கணக்கு. அலாங் வித், டுகெதர் வித், ஆஸ் வெல் ஆஸ், அக்கம்பனீட் பை, எல்லாம் 'ஓட' கட்சி. பரிட்சை வெக்கறவங்களுக்கு இந்த கட்சி மேல தனிப் பிரியம், பழைய பேப்பரப் புரட்டினா எங்கயாச்சும் ஒண்ணு மாட்டிக்கும். 'நெய்தர் நார்', 'ஐதர் ஆர்' வந்தா மட்டும் வினைக்குக் கிட்ட நிக்கற ஆளப் பாக்கணும், அங்க நம்ம தமிழ்ப் பழக்கமே கை குடுக்கும்.

'சின்ஸ்', 'ஃபார்' கதைக்கு வர்றேன், இது எனக்கே நடந்தது. படிப்பு முடிச்ச புதுசுல பக்கத்து டவுன்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இன்டர்வியூ. எதிர்ல மூணு பேரு. எவ்வளவு நாளா சொல்லிக் குடுக்கறீங்கன்னு கேட்டாங்க, நான் நிமிந்து உக்காந்து, "ஐ ஆம் டேக்கிங் டியூஷன் சின்ஸ் டூ இயர்ஸ்"ன்னேன். நடுவுல இருந்தவரு பேனாவ கீழ வெச்சுட்டு, "அப்ப நீங்க இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கா வந்திருக்கீங்க?"ன்னு கேட்டாரு. மத்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க. என்ன தப்புன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல, பஸ் ஏறி கோபாலபுரம் செக்போஸ்ட் வர்ற வரைக்கும் அந்த வாக்கியத்த வாய்க்குள்ளயே உருட்டிட்டு வந்தேன், எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல.

குறை ரெண்டு இருந்துச்சு. "ரெண்டு வருஷமா எடுக்கறேன்"னு நாம நிகழ்காலத்துல சொல்றோம், இங்கிலீஷ்காரன் அப்பத் தொடங்கி இப்ப வரைக்கும் இழுத்துட்டு வர்ற வேலைக்கு 'ஹேவ் பீன்' கேப்பான். அத அப்படியே தெரிஞ்சு வெச்சுக்கறதத் தவிர வேற வழியில்ல. ஆனா ரெண்டாவது குறைக்கு பதில் என் வாய்லயே இருந்துச்சு. 'ரெண்டு வருஷ*மா*'ன்னா ஃபார், '2015*ல இருந்து*'ன்னா சின்ஸ். மூணு நாளா, ஃபார். நேத்துல இருந்து, சின்ஸ். ரொம்ப நேரமா, ஃபார். சின்ன வயசுல இருந்து, சின்ஸ். நீளத்தச் சொன்னா 'ஆ', தொடங்கின புள்ளியச் சொன்னா 'ல இருந்து', தமிழ் இத அழகா பிரிச்சு வெச்சிருக்கு, நாமதான் ரெண்டையும் ஒரே சின்ஸ்ல கொண்டு போய்க் கொட்டறோம். அன்னிக்கு அந்த மூணு பேருல ஒருத்தரு இத சொல்லியிருந்தா ஒரு நிமிஷம் ஆயிருக்குமா?

இதே மாதிரிதான் "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே"யும். தமிழ்ல "அவர நேத்து பாத்தேன்"னு தான சொல்லுவோம், "பாத்திருக்கேன்"னா எப்பவோ ஒரு தடவங்கற அர்த்தம். நேத்து, போன வாரம், 2019லன்னு தேதி கட்டியாச்சுன்னா 'ஹேவ்'வ கழட்டி விட்டரணும். "இஃப் இட் வில் ரெய்ன்"னு எழுதறவங்களுக்கும் இதே வைத்தியம், "மழை பெஞ்சா நனைஞ்சிருவோம்"ல 'பெஞ்சா'ங்கறதுல எதிர்காலம் எங்க இருக்கு? பின்னாடி 'நனைஞ்சிருவோம்'ல மட்டும்தான இருக்கு. அப்ப இஃப் பக்கத்துல வில்லத் தூக்கிரு. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்"னு எழுதறப்போ கூட தமிழக் கேளு, "என் ஃப்ரெண்டுல ஒருத்தி"ன்னா சொல்லுவ, "ஃப்ரெண்ட்ஸுல ஒருத்தி"ன்னு தான சொல்லுவ, பலபேரு இருந்தாத்தான அதுல இருந்து ஒருத்தியப் பொறுக்க முடியும்?

எல்லா எடத்துலயும் தமிழ் காப்பாத்தாது, அதையும் சொல்லிடணும். "ஐ டிடின்ட் வென்ட்" இருக்கே, அதுக்கு காரணம் நம்ம 'போகல'. நேத்து போகல, இப்ப போகல, ரெண்டுக்கும் அதே போகல, அதுல காலமே கிடையாது. அதனால பசங்களுக்கு நேத்து நடந்ததுன்னு எங்கயாச்சும் காட்டணும்னு ஒரு துடிப்பு, 'டிட்'லயும் காட்டி 'வென்ட்'லயும் காட்டிடறாங்க. பஸ்ல ஏறினா எத்தன டிக்கெட் எடுப்பீங்கன்னு கேட்டேன். 'டிட்' வந்துட்டா கடந்த காலத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சு, பின்னாடி வர்ற வினை சும்மா உக்காந்து வரலாம்.

அடுத்து 'டிஸ்கஸ் அபவுட்'. தமிழ்ல 'பத்தி', மலையாளத்துல 'குறிச்சு', ரெண்டு பக்கத்துல இருந்தும் இழுத்தா கொழந்த என்ன பண்ணும். இதுக்கு நான் ஒரு குறுக்கு வழி வெச்சிருக்கேன், டிஸ்கஸ்ங்கறத 'பேசு'ன்னு நினைக்காதீங்க, 'அலசு'ன்னு நினைங்க. பிரச்சினையப் பத்தி அலசுனோம்னு சொன்னாலும் பரவால்ல, ஆனா பிரச்சினைய அலசுனோம்னா கச்சிதமா இருக்கில்ல? டிஸ்க்ரைப்புன்னா வர்ணி, ஊர வர்ணிச்சான். ரீச்சுன்னா அடை, ஊர அடைஞ்சோம், 'ரீச் டு' வராது. 'ரிட்டர்ன் பேக்' வராது, ரிட்டர்ன்லயே திரும்பல் இருக்கு. 'என்டர் இன்டு தி ரூம்' வராது. ஆனா ஜாக்கிரதை, 'டிஸ்கஷன் அபவுட்' சரிதான், அது பெயர்ச்சொல், 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' சரிதான், ஒப்பந்தத்துக்கு கதவு கிடையாதுல்ல. இந்த ரெண்டும் தெரிஞ்ச பரிட்சைக்காரன் உங்கள மாட்டி விடறதுக்குன்னே பெயர்ச்சொல்லப் போட்டு வெப்பான், அபவுட்டக் கண்டதும் வட்டம் போட்டறாதீங்க.

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர், இதுங்களுக்கு 'தேன்' வராது, 'டு' தான். லத்தீன்ல இருந்து வந்த கூட்டம், அதுங்க ஊட்டு வழக்கம் அப்படி. ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், சீனரி, இதுல எதுக்கும் 'ஸ்' வராது. மனப்பாடம் பண்ணிக்கோங்க, நானும் மனப்பாடம்தான் பண்ணேன்.

இப்ப தமிழ் எழுத்து விஷயம். 'ஒரு'ங்கறதுக்கு 'எ' வருமா 'ஆன்' வருமாங்கற கேள்வி வராத பரிட்சை கம்மி. இங்கிலீஷ் எழுத்தப் பாத்து முடிவு பண்ணினா கண்டிப்பா கவுத்திரும், ஏன்னா ரூல் எழுத்துக்கு இல்ல, சத்தத்துக்கு. இங்கிலீஷ் எழுத்து சத்தத்த மறைக்கும், தமிழ் எழுத்து மறைக்காது. அந்த வார்த்தைய தமிழ்ல எழுதிப் பாருங்க, மொத எழுத்து உயிரெழுத்துன்னா 'ஆன்', இல்லன்னா 'எ'. நேர்மைக்கு ஆனஸ்ட், மணி நேரத்துக்கு அவர், ரெண்டுலயும் எச்சு ஊமை, தமிழ்ல ஆவன்னாவும் அகரமும் தான் நிக்குது, ஆன் ஆனஸ்ட் மேன், ஆன் அவர். யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன், எல்லாம் 'யூ', யகர உயிர்மெய், அதனால எ யூனிவர்சிட்டி. எம்எல்ஏ, எஸ்ஐ, எஃப்ஐஆர், மூணும் எகர உயிர், ஆன் எம்எல்ஏ, ஆன் எஃப்ஐஆர். பிஏ, டிஎஸ்பி, உயிர்மெய், எ டிஎஸ்பி. மூணாங்கிளாஸ்ல படிச்ச உயிரெழுத்து பன்னெண்டு இங்க வந்து சோறு போடுது பாருங்க.

இதுலயும் பள்ளம் இருக்கு. 'ஒண்ணு'க்கு இங்கிலீஷ் வார்த்தைய நாம 'ஒன்'னு எழுதறோம், ஒகரம், அப்ப ஆன்னு போடத் தோணும். ஆனா சத்தம் 'வன்', வகரம், அதனால எ வன் ருப்பீ காயின். அதே மாதிரி எங்க ஊர்ல எம்எல்ஏவ 'யெம்மெல்லே'ம்பாங்க, மேடைல மைக் புடிக்கறவங்க கூட அப்படித்தான், அந்த யகரத்த நம்பி 'எ' போட்டா போச்சு. 'தி' எங்க வரும் எங்க வராதுங்கறதுக்கு மட்டும் எங்கிட்ட தமிழ் மருந்து எதுவும் இல்ல, நம்மகிட்ட அப்படி ஒரு சாமானே கிடையாது, நெறய படிச்சுப் படிச்சுத்தான் ஏறும்.

இதெல்லாம் சொல்லிக் குடுத்த பின்னாடி ஒரு வியாதி வரும், அதையும் பாத்திருக்கேன். கண்டதுலயெல்லாம் தப்புத் தெரியும். முன்னாடி எல்லாத்துக்கும் நோ எரர் போட்டவங்க, இப்ப ஒண்ணுக்கும் நோ எரர் போட மாட்டாங்க. நிஜமாவே தப்பில்லாத வாக்கியமும் வரும், அதுக்கும் மார்க் உண்டு. வாக்கியம் 'வித்', 'ஃபார்'ல முடிஞ்சா தப்புன்னு சில வாத்தியாருங்க சொல்லுவாங்க, அதெல்லாம் தப்பே இல்ல. அப்புறம் வீட்டுல இருக்கறவங்களத் திருத்த ஆரம்பிப்பாங்க. எங்க மாமா லோடு வண்டி ஓட்டறவரு, வாளையார் தாண்டி ஆறு ஸ்டேட் போய்ட்டு வந்திருக்காரு, "ஐ ஆம் கமிங் டுமாரோ மார்னிங் ஒன்லி"ன்னு ஃபோன்ல சொல்லுவாரு, கேக்கறவனுக்கு நாளைக்கு காலைல தான் வண்டி வரும்னு தெளிவாப் புரியும். அந்த 'ஒன்லி' நம்ம 'தான்'. அதப் போய் ஒரு பொடியன் திருத்துனான், நான் அவனத் திருத்துனேன். பரிட்சைத் தாள்ல மட்டும் திருத்துங்கடா, மனுசங்க பேசறப்போ வேண்டாம். தேதிய முன்னாடி தள்றதுக்கு 'ப்ரீபோன்'னு நம்மூர்ல புழங்கற வார்த்தைய இப்ப ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரிக்காரங்களே சேத்துக்கிட்டாங்க, அப்ப யாரு யாரத் திருத்தறது.

அந்தப் பொண்ணுக்கு புது டெஸ்ட் ஒண்ணு, இதே மாதிரி 20 வாக்கியம், வாட்ஸப்ல அனுப்பி வெச்சேன், புதன்கிழமை ராத்திரிக்குள்ள முடிச்சு போட்டோ எடுத்து அனுப்பணும்னு. எட்டு மணி வரைக்கும் ஒண்ணும் காணோம். இங்கிலீஷ்லயே கேப்போம்னு, "டிடின்ட் யூ ஃபினிஷ் தி டெஸ்ட்?"னு போட்டேன். உடனே "எஸ் அக்கா"ன்னு வந்துச்சு. சரி முடிச்சுட்டா, போட்டோ வரும்னு பத்து மணி வரைக்கும் ஃபோனக் கைலயே வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்புறம்தான் மண்டைல உறைச்சுச்சு, "இன்னும் முடிக்கலயா?"ன்னு கேட்டா நாம "ஆமாங்க்கா, முடிக்கல"ம்போம், இங்கிலீஷ்ல அதுக்கு 'நோ' சொல்லணும், அவ தமிழ்ல ஆமாங்கறத அப்படியே எஸ்ஸுன்னு அனுப்பிட்டு தூங்கிட்டா. இத நான் சொல்லிக் குடுக்கல. வெள்ளிக்கிழமை ஆயிருச்சு, பேப்பர் இன்னும் வரல.